சாஸ்திரியார் இட்ட ஒரு கையெழுத்து

லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்க்கையை நம் மாணவர்கள் பாடநூல் வாயிலாக ஓரளவு அறிவர். எளிய குடும்பத்தில் பிறந்தார், ரயில் விபத்து ஒன்றுக்குப் பொறுப்பேற்று அமைச்சர் பதவியைத் துறந்தார், பிரதமரானார், 1965-ஆம் ஆண்டுப் போரில் நாட்டை வழிநடத்தினார், தாஷ்கண்ட் நகரில் மறைந்தார். இத்துடன் பாடம் முடிந்துவிடும். ஆனால் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்திலும், குற்றால மலைக்கு அப்பால் குளத்தூப்புழைப் பக்கத்திலும் அவர் பெயரை வேறொரு வகையில் அறிந்த குடும்பங்கள் உள. அவர்கள் அப்பெயரைத் தனித்துச் சொல்வதில்லை. சிறிமா என்ற பெயரோடு சேர்த்து, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்றே சொல்வர். அவர்களுக்கு அது ஒரு மனிதரின் பெயரன்று; தாங்கள் கப்பலேறிய காரணத்தின் பெயர். வரலாறு கற்பிக்கும் எனக்கு, அம்மனிதரையும் அவ்வொப்பந்தத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. ஒரு பெரிய நாடும் அதன் அண்டையிலுள்ள தீவு நாடும் நட்புப் பாராட்டிக்கொண்டபோது அந்த நட்புக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே என் கேள்வி.

சாஸ்திரி 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் பிறந்தார். தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் வருவாய்த் துறை எழுத்தராகவும் இருந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே அவர் காலமானார். தாய் ராம்துலாரி தேவி பிறந்தகம் சேர்ந்தார். பிள்ளை உறவினர் ஆதரவில் வளர்ந்து காசியில் படித்தார். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். தேசியக் கல்விக்கென அவ்வாண்டே தொடங்கப்பட்ட காசி வித்யாபீடத்தில் சேர்ந்து தத்துவம் பயின்று பட்டம் பெற்றார். அப்பட்டத்தின் பெயர்தான் சாஸ்திரி. நம் ஊரில் சாஸ்திரி என்றால் வேதம் ஓதியவர், புரோகிதம் செய்பவர் என்றே பொருள் கொள்வர். அவரோ சாதியைக் காட்டும் பின்னொட்டைத் தம் பெயரிலிருந்து நீக்கியவர். நீக்கிய இடத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டம், தெற்கே இன்னொரு சாதியின் பெயராகக் கேட்டது விந்தைதான்.

1928-இல் லலிதா தேவியை மணந்தார். சீதனமாக அவர் ஏற்றுக்கொண்டவை ஒரு ராட்டையும் சில கஜம் கதர்த் துணியும். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். சிறையிலிருந்தபோது கியூரி அம்மையாரின் வரலாற்றை இந்தியில் பெயர்த்தெழுதினார். விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் காவல், போக்குவரத்துத் துறைகளின் அமைச்சரானார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீர் பீய்ச்சச் செய்ததும், பேருந்துகளில் பெண்களை நடத்துநர்களாக அமர்த்தியதும் அவர் காலத்துச் செய்திகள். அவை சிறியனவே. ஆயினும் ஆளப்படுகிறவனுக்கு வலிக்குமே என்று எண்ணிப் பார்த்த ஆட்சியாளர் ஒருவரை அவற்றில் காண்கிறேன். இவ்வெண்ணத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

1952-இல் நேருவின் அமைச்சரவையில் ரயில்வே அமைச்சரானார். 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி விலகல் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம் ஆகுமுன் நம் மாநிலத்திலேயே அதனினும் பெரிய துயரம் நிகழ்ந்தது. நவம்பர் 22 இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவு ரயில், மறுநாள் விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்பாண்டி நாட்டுக்கு வந்துகொண்டிருந்த ரயில் அது. சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். மழை பெய்ததற்கும் கரை அரித்ததற்கும் தில்லியில் இருந்த அமைச்சர் காரணமல்லர் என்பது எல்லார்க்கும் தெரியும். காரணம் வேறு, பொறுப்பு வேறு என்ற பாடத்தை அவர் நாட்டுக்குக் கற்பித்தார். அன்று துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன். 1957 தேர்தலில் தமிழ்நாட்டுச் சுவர்களில் அரியலூர் அவருக்கு எதிரான முழக்கமாயிற்று. சாஸ்திரியின் பெயரோ அதே அரியலூரால் உயர்ந்தது.

பின்னர் அவர் வணிக அமைச்சராகவும், 1961 முதல் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். 1963-இல் காமராஜர் திட்டத்தின்படி பதவி விலகியவர்களுள் அவரும் ஒருவர். 1964 மே 27-இல் நேரு மறைந்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், கட்சியினரின் கருத்தையெல்லாம் கேட்டறிந்து சாஸ்திரியைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஜூன் 9-இல் சாஸ்திரி பிரதமரானார். அதன் பின்னரே அவர் குடும்பத்துக்கென ஒரு ஃபியட் கார் வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையிருப்புப் போதாமல் 5,000 ரூபாய் வங்கியில் கடன் பெற்றார். கடன் தீருமுன்பே அவர் மறைந்தார். லலிதா அம்மையார் அதை அடைத்தார். இப்படிப்பட்ட ஒருவர்தான் அந்த அக்டோபரில் இலங்கைப் பிரதமரை எதிர்கொண்டு அமர்ந்தார்.

அவ்விருவர் முன்னும் இருந்த சிக்கல் நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. பிரிட்டிஷார் கண்டி மலைநாட்டில் முதலில் காப்பியும், காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் பயிரிட்டனர். அதற்கு வேண்டிய கைகளைத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்துச் சென்றனர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலி எனப் பஞ்சம் வந்த சீமைகளிலிருந்தெல்லாம் மக்கள் போயினர். மன்னாரில் இறங்கிக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மலையேறினர். வழியில் விழுந்தவர் கணக்கை எவரும் வைக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி லயத்து அறைகளில் மூன்று தலைமுறை வாழ்ந்தனர். இலங்கை ஏற்றுமதியால் ஈட்டிய பணத்தில் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அத்தேயிலையைக் கிள்ளிய விரல்கள் இவர்களுடையவை.

இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. முந்திய ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். விடுதலை பெற்ற ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோர் ஆக்கிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. பதிவு செய்து குடியுரிமை பெற 1949-இல் ஒரு சட்டம் வந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பெற்றவர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. தந்தை எங்கே பிறந்தார் என்பதற்கு லயத்தில் பிறந்தவன் எந்தச் சான்றைக் காட்டுவான்?

நேரு இதில் ஒரு கொள்கையைப் பிடித்து நின்றார். இலங்கையில் பிறந்து அங்கேயே உழைத்துக்கொண்டிருப்பவர்கள் இலங்கையின் மக்கள். தாமாக விரும்பி இந்தியக் குடியுரிமை கேட்பவரை மட்டுமே இந்தியா ஏற்கும் என்பது அக்கொள்கை. டி. எஸ். சேனநாயக்காவோடும், டட்லி சேனநாயக்காவோடும், 1954-இல் கொத்தலாவலையோடும் பேச்சு நடந்தது. ஒன்றும் தீரவில்லை. கொள்கை நேரியதே. ஆனால் கொள்கை தில்லியில் இருந்தது. மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் பதினாறு ஆண்டுகள் லயங்களில் இருந்தனர்.

இங்கே தீவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய நாட்டை ஒட்டிய சிறிய நாட்டுக்கு எப்போதும் ஓர் அச்சம் உண்டு. வரப்பை ஒட்டி மிராசுதாரர் நிலம் இருக்கும்போது, ஒரு காணி நிலத்துக்காரன் தன் வரப்பை நாள்தோறும் போய்ப் பார்த்துவருவது போன்றது அது. ஆகவே இலங்கை தனக்கென வேறு துணைகளையும் தேடிக்கொண்டது. 1952-இல் அரிசித் தட்டுப்பாடும் ரப்பர் விலை வீழ்ச்சியும் ஒருசேர வந்தபோது, அமெரிக்காவின் வெறுப்பையும் பொருட்படுத்தாமல் சீனாவோடு ரப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ரப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது. 1962-இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டபோது ஒருபக்கம் சாயாமல், ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரச யோசனைகளை உருவாக்கியவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார். கணவர் 1959-இல் கொல்லப்பட்டபின் அரசியலுக்கு வந்து, 1960-இல் உலகின் முதல் பெண் பிரதமரானவர் அவர். போரில் அடிபட்ட இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நட்பு வேண்டியிருந்தது. சீனாவின் பக்கம் இலங்கை மேலும் நெருங்கிவிடலாகாதே என்ற கவலையும் இருந்தது. பர்மாவிலோ நெ வின் ஆட்சி அந்த 1964-இலேயே கடைகளை நாட்டுடைமையாக்க, தமிழர் கூட்டம் கூட்டமாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்தனர். இத்தனையும் சேர்ந்த வேளையில்தான் அம்மையார் தில்லி வந்தார்.

அக்டோபரின் கடைசி வாரத்தில் பேச்சு நடந்தது. இந்தியாவின் பக்கம் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங்கும் உடனிருந்தார். எண்ணிக்கையில்தான் இழுபறி. முடிவில், 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரு பிரதமரும் கையெழுத்திட்ட கடிதங்களை மாற்றிக்கொண்டனர். குடியுரிமையற்றோர் ஏறத்தாழ 9,75,000 பேர் எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரையும் அவர்தம் இயற்கைப் பெருக்கத்தையும் இந்தியா ஏற்கும். 3,00,000 பேரையும் அவர்தம் பெருக்கத்தையும் இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளில் இது நிறைவேற வேண்டும். வேலையில் இருப்பவர், புறப்படும் நாள் வரையோ 55 வயது வரையோ வேலையில் இருக்கலாம். சேமநிதியும் பணிக்கொடையும் உட்பட ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது. யார் போவது, யார் இருப்பது என்பது கடிதத்தில் இல்லை. அது பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்!

தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜியும் அண்ணாவும் இதில் ஒரே பக்கம் நின்று கண்டித்தனர். இலங்கையில் தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் கண்டித்தது. அது 1939-இல் நேரு கொழும்பு சென்றிருந்தபோது அவர் முயற்சியால் பிறந்த இயக்கத்தின் வழிவந்தது. தொழிலாளர் தரப்பில் ஒருவரும் அந்தப் பேச்சு மேசையில் இடம்பெறவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது பாடநூலில் இல்லாத செய்தி. ஒப்பந்தம் முடிந்த கையோடு சாஸ்திரி குஜராத் சென்றார். அக்டோபர் 31-இல் ஆனந்த் அருகே அமுல் கூட்டுறவின் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. முந்திய இரவை அவர் விருந்தினர் மாளிகையில் கழிக்கவில்லை. அஜர்புரா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் தங்கினார். ஊராரோடு உட்கார்ந்து, மாடு எத்தனை, பால் எவ்வளவு, கூட்டுறவு வந்தபின் வாழ்க்கை எப்படி என்று இரவு நெடுநேரம் கேட்டறிந்தார். வீடு வீடாகச் சென்றார். அந்த ஓர் இரவின் விளைவாக, ஆனந்த் முறையை நாடெங்கும் பரப்ப 1965-இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தது. நம் ஊர்களில் காலையில் பால் ஊற்றும் கூட்டுறவுச் சங்கங்களின் வளர்ச்சியில் அந்த இரவுக்கும் பங்குண்டு.

இவ்விரு நாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. எருமை வைத்திருந்த சிற்றூர் மக்களிடம் அவர்தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே நேரில் கேட்ட அதே மனிதர், ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரின் வாழ்க்கையை அவர்களிடம் கேளாமலே கடிதத்தில் எழுதினார். அவர் இரக்கமற்றவர் என்று நான் கூறமாட்டேன். மேலே எழுதிய அனைத்தும் அதற்கு எதிர்ச்சான்று. நேரு பதினாறு ஆண்டுகளாகத் தீர்க்காத சிக்கலைத் தாம் தீர்க்கவேண்டும் என்ற நல்லெண்ணமும், அண்டை நாட்டோடு பிணக்கு வேண்டாம் என்ற கவலையும், மூன்று லட்சம் பேருக்காவது அங்கே நிலைத்த உரிமை கிடைக்கிறதே என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும். ஆட்சிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. உணவுத் தட்டுப்பாடு ஒருபுறம் நெருக்கியது. ஆனால் அஜர்புராவில் அவர் கண்முன் மனிதர் இருந்தனர். தில்லி மேசையில் எண்களே இருந்தன. அரியலூரில் தம் கை செய்யாததற்குப் பொறுப்பேற்றவர், தம் கை எழுதியதன் விளைவைக் காண உயிரோடு இல்லை.

ஒப்பந்தமாகி எட்டு வாரம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. தலைமன்னாருக்குக் கப்பல் புறப்படும் துறையும், அத்துறைக்குச் செல்லும் இருப்புப் பாதையும் போயின. அதற்கு முன்பே, டிசம்பர் 3-இல், சிறிமாவோவின் அரசு பாராளுமன்றத்தில் ஒரே வாக்கில் தோற்றது. 1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது. சி. சுப்பிரமணியமும் அழகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலக முன்வந்தனர். பிப்ரவரி 11-இல் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். கேட்டால் செவிசாய்க்கும் இயல்பு அவருக்கு உண்டு என்பதற்கு இதுவும் சான்று. தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். மலைநாட்டுத் தொழிலாளிக்கு வாக்கும் இல்லை, தில்லி வரை கேட்கும் தெருவும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். 1966 ஜனவரி 10-இல் தாஷ்கண்டில் அயூப் கானோடு சமாதான உடன்படிக்கை. அன்று நள்ளிரவு கடந்து, 11-ஆம் நாள் அதிகாலையில் மாரடைப்பால் மறைந்தார். பிரதமராக இருந்தது பத்தொன்பது மாதங்கள். அவ்வாண்டே பாரத ரத்னா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

ஒப்பந்தம் அவர் மறைந்தபின்தான் நடக்கத் தொடங்கிற்று. 1967-இல் இலங்கைப் பாராளுமன்றம் அதற்கான சட்டம் செய்தது. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது விகிதம். விண்ணப்பம் கேட்டபோதுதான் மக்களின் விடை முதன்முதலாகத் தெரிந்தது. மூன்று லட்சம் இடங்களே இருந்த இலங்கைக் குடியுரிமைக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஐந்தேகால் லட்சம் இடங்கள் இருந்த இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் ஏறத்தாழ நான்கு லட்சமே. தில்லியில் கேளாத கேள்விக்கு விண்ணப்பப் படிவத்தில் வந்த விடை இது. பிறகு 1970-களின் முற்பாதியில் தோட்டங்களில் பட்டினி வந்தது, தோட்டங்கள் நாட்டுடைமையாயின, 1977-இல் கலவரம் வந்தது. இருக்க விரும்பியவர் பலரும் புறப்பட நேர்ந்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயிலுக்கு அவர்கள் அழுகைக் கோச்சி என்று பெயரிட்டனர். கோச்சி என்றால் அங்கே ரயில். நிலையந்தோறும் வழியனுப்ப வந்தோரின் அழுகையே அதன் ஊதலைவிடப் பெரிதாகக் கேட்டதாம்.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம். அங்கிருந்து மண்டபம் முகாம். முகாமில் குடும்ப அட்டையும், எங்கே போக வேண்டும் என்ற உத்தரவும் கிடைக்கும். அரசு முயலவில்லை என்று கூறுவது நியாயமன்று. நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டம், குமரி மாவட்டத்தில் ரப்பர், நூற்பாலைகள், 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென ஒரு கூட்டுறவு வங்கி எனப் பலவும் செய்தனர். ஆனால் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டவர் ஒரு பகுதியினரே. பெரும்பாலோருக்குத் தொழில் கடன் என்று சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, பெட்டிக்கடையோ சிறுதொழிலோ செய்துகொள் என்று ஊருக்கு அனுப்பினர். பிறந்தது முதல் கொழுந்து கிள்ளுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர் தராசைப் பிடித்தால் என்னாகும்? எங்கள் தெருவின் கோடியிலும் அப்படி ஒரு கடை இருந்தது. சிலோன்காரர் கடை என்போம். கடனுக்குப் பொருள் கொடுத்துக் கொடுத்தே ஆறு மாதத்தில் அது மூடிற்று. அக்குடும்பம் செங்கல் சூளைக்குப் போனதாகக் கேள்வி.

தென்காசி வழியாகச் சென்ற ஒரு கூட்டத்தின் கதை சற்றே வேறு. குற்றால மலைக்கு நேர் மேற்கே, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் குளத்தூப்புழைக் காடு. கேரள அரசு அங்கே, தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்த 1970-களின் தொடக்கத்தில் ரப்பர் நடத் தொடங்கிற்று. 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்டக் கழகம் ஒன்றை நிறுவின. குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் என இரு தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. 1904 முதல் ஓடிய செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் ரயில் அக்குடும்பங்கள் பலவற்றைத் தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக, மலைக்குகைக்குள் புகுந்து அப்பால் கொண்டுபோய் விட்டது. தேயிலைச் செடி இடுப்பளவு. கொழுந்தைக் கிள்ள விரல் நுனி போதும். ரப்பரோ மரம், விடியுமுன் எழுந்து, பட்டையை உள்மரம் படாமல் கத்தியால் சீவிப் பால் வடியவிட்டுச் சிரட்டையில் ஏந்த வேண்டும். அதையும் கற்றுக்கொண்டனர். இலங்கை அரிசிக்காகச் சீனாவுக்கு விற்ற அதே சரக்கை, இலங்கை அனுப்பிவைத்தவர்கள் இந்தியாவுக்காக வடித்தெடுத்தனர். பொருளாதாரம் கற்கும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மலையாள நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களுக்கு நல்லது கெட்டதுக்குச் சந்தை தென்காசிதான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும் வருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தருவியில் அப்படி வந்திருந்த ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் அண்ணனும் அவரும் இருந்தார்களாம். அண்ணன் இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். இவர் கணவர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். இவர் கிளம்பிய நாளில் அண்ணன் பெட்டியைத் தலையில் தூக்கி நிலையம் வரை வந்தார். அதுவே கடைசி. அண்ணன் இறந்த செய்தி கடிதத்தில் வந்து சேர இரண்டு மாதமாயிற்று. குற்றாலச் சாரலில் நின்றால் தம் ஊர் மழையில் நிற்பதுபோல் இருக்கிறது என்பதால்தான் ஆண்டுதோறும் வருவதாகச் சொன்னார். சாஸ்திரியின் மேல் அவருக்குக் கோபம் ஏதும் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த ஐயா எங்கள் தோட்டம் பக்கம் எப்போதாவது வந்திருக்கிறாரா என்று மட்டும் என்னிடம் கேட்டார். பிரதமராக இருந்த நாளில் அவர் இலங்கைக்கே போகவில்லை என்று சொன்னேன். அம்மையார் தலையாட்டிவிட்டு, பேத்தியின் தலையைத் துவட்டப் போய்விட்டார்.

பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்ட 1,50,000 பேரை, 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். அவ்வாண்டு ஜூனில்தான் கச்சத்தீவு பற்றிய உடன்பாடும் ஏற்பட்டது. 1964 ஒப்பந்தத்தின் காலம் 1981 அக்டோபரில் முடிந்தது. 1983-இல் நிகழ்ந்த இனக் கலவரத்துக்குப் பின், 1984-இல் இராமேசுவரம் - தலைமன்னார் கப்பலும் நின்றது. இந்தியக் குடியுரிமைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின்றித் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர் பல்லாயிரவர். பிள்ளைகளையும் சேர்த்து, அதுவரை இந்தியா வந்து சேர்ந்தவர் நான்கு லட்சத்துக்கும் மேல்.

1986-இலும் 1988-இலும் இலங்கை சட்டங்கள் இயற்றி, எஞ்சியோரில் பெரும்பாலோரை ஏற்றது. அப்படியும் விடுபட்டவர்களுக்காக 2003-இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய வம்சாவளியினர் ஒருவர் இலங்கைக் குடியுரிமை பெற, குறிப்பிட்ட ஒரு நாள் முதல் அங்கே நிலையாகக் குடியிருந்தவராகவோ அவர் வழித்தோன்றலாகவோ இருந்தால் போதும். சட்டம் குறிப்பிடும் அந்நாள் 1964 அக்டோபர் 30. எந்த நாளில் அவர்களை எண்ணிப் பிரித்தார்களோ, அந்த நாளில் அங்கே இருந்ததே உரிமைக்குச் சான்றாயிற்று. ஐந்தருவியில் நான் கண்ட மூதாட்டியும் அந்த நாளில் ஹட்டன் பக்கத்து லயத்தில்தான் இருந்தார். கப்பலேறி வந்துவிட்டவர்களை அச்சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.